ஒரே புல் எரியும் தீவுகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வன்னியின் காட்டுத்தீ பற்றி எழுதியபோது, ஹவாயை மையமாக வைத்துப் பசுபிக் தீவுகள் தீ குறித்த அறிவைத் தமக்குள் பரிமாறிக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாட்டைக் குறிப்பிட்டு, வன்னியும் அத்தகைய கூட்டு ஒன்றில் சேர வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஹவாய் எங்கே, வன்னி எங்கே? எரிமலைத் தீவுகளில் செய்யப்படும் ஆய்வு எங்கள் பாலை, வீரை மரங்களுக்கு எப்படிப் பொருந்தும்? தீவுகள் என்று தனியாகப் பிரித்துப் பேசுவதற்கு என்ன காரணம்?
– ஓர் ஆசிரியை, ஒட்டுசுட்டான்

மரத்தை வைத்துப் பார்த்தால் பொருந்தாது. புல்லை வைத்துப் பாருங்கள். ஏ9 வீதியில் புளியங்குளம் கடந்து மாங்குளம் நோக்கி வரும்போது, மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களில் இரு மருங்கிலும் ஆளை மறைக்கும் உயரத்தில் கினிப்புல் நிற்பதைக் காண்பீர்கள். அதன் பிறப்பிடம் ஆபிரிக்கா. பிரித்தானியர் காலத்தில் கால்நடைத் தீவனமாக இந்த மண்ணுக்கு வந்தது. ஹவாய்க்கும் அதே புல்லைத் தீவனத்துக்காகவே கொண்டுபோனார்கள். சிங்களத்தில் ‘கினி’ என்ற சொல்லுக்கு நெருப்பு என்று பொருள். ஆபிரிக்கக் கரையின் பெயரால் வந்த புல்லுக்கு அந்தச் சொல் இவ்வளவு பொருந்திப்போனதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இந்தப் புல் 3 மீற்றர் வரை வளரும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் நின்ற நிலையிலேயே காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். காட்டுக்குள் கிடக்கும் சருகு நிலத்தோடு ஒட்டிக் கிடப்பதால் மெல்லத்தான் எரியும். இதுவோ தாளுக்குத் தாள் காற்றுப் புகும்படி நிமிர்ந்து நிற்பதால், ஒரு துண்டு பீடித் தணல் விழுந்தாலே சில நிமிடங்களில் மரத்தின் கிளையைத் தொடும் அளவுக்குக் கொழுந்து எழும்பும். எரிந்து முடிந்தபின் அடித்தூர் சாவதில்லை. ஓரிரு மழையில் மீண்டும் தளிர்த்து, காட்டின் விளிம்பில் கருகிப்போன இளங்கன்றுகளின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அடுத்த ஆண்டுத் தீ அங்கிருந்து தொடங்கி இன்னும் சில பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) உள்ளே போகும். புல் தீயை வளர்க்க, தீ புல்லை வளர்க்கும் இந்தச் சுழற்சியை, ஹவாயில் பணியாற்றிய கார்லா டிஅன்டோனியோ, பீற்றர் விட்டூசெக் என்னும் இரு ஆய்வாளர்கள் 1992இல் விரிவாக எழுதினார்கள். நம் வீதியோரத்தில் நடப்பதும் அதுவே.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஹவாயில் கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கடைசிப் பெரிய கரும்புத் தோட்டம் 2016இல் மாவி தீவில் மூடப்பட்டது. உழுவாரற்ற அந்நிலங்களைப் புல் மூடியது. இன்று அத்தீவுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழக் காற்பங்கு வெளியிலிருந்து வந்த புல்லும் பற்றையும்தான். ஒரு நூற்றாண்டில் அங்கு ஆண்டுதோறும் எரியும் பரப்பு நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. வன்னியில் தோட்டங்கள் மூடப்படவில்லை, இடப்பெயர்வு நடந்தது. ஆண்டுக்கணக்காகக் கலப்பை படாமல் கிடந்த மேட்டுக்காணிகளில் வந்து குடியேறியது எது என்பதை, மீளக் குடியேறிய நாளில் காணி துப்புரவாக்கிய ஒவ்வொரு குடும்பமும் அறியும்.

தீவு என்பதற்கு வருகிறேன். பெருநிலத்தில் ஒரு மாநிலம் எரிந்தால் அயல் மாநிலத்து வண்டிகள் இரவோடிரவாக வந்து சேரும். ஹவாய்க்கும் மேற்குப் பசுபிக்கில் உள்ள குவாம் தீவுக்கும் இடையே 6,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கிறது. ஒன்றில் எரியும்போது மற்றதிலிருந்து வண்டி போகாது. இருக்கிற ஆட்களும் இருக்கிற பவுசர்களும் இருக்கிற குழையுமே கதி. ஆகவே முன்கூட்டியே அனுப்பி வைக்கக்கூடிய ஒரே உதவி அறிவுதான். தவிர, தீவில் மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு. குவாமின் தென்பகுதிக் குன்றுகளில் புல்வெளி எரிந்தால், அடுத்த மழை அந்த மண்ணைக் கொண்டுபோய்ப் பவளப் பாறைகளின் மேல் படியவிடுகிறது. நமக்குப் பவளப் பாறை இருக்க வேண்டிய இடத்தில் குளம் இருக்கிறது. அலைகரைக்கு மேலே காடு எரிந்தால் குளத்தில் வண்டல் சேரும். இதைக் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை எரித்தவர்கள். காற்றுப் பார்த்துத்தான் நெருப்பு வைப்போம். குழையால் அடித்து நூர்க்கவும் தெரியும். விஞ்ஞானிகள் வந்து எங்களுக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?
– ஒரு கமக்காரர், வவுனிக்குளம்

ஐயா, உங்களிடம் இருப்பது அறிவுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வேளையில் சோளகம் தணியும், எந்தப் பக்கத்திலிருந்து கொளுத்தினால் நெருப்பு தன்னைத்தானே தின்று அடங்கும் என்பவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் உங்களைவிடத் தெளிவாக இந்த நிலத்துக்கென்று சொல்ல முடியாது. பசுபிக் ஏற்பாட்டை நான் மதிப்பதற்குக் காரணமும் இதுவே. பசுபிக் ஃபயர் எக்ஸ்சேஞ்ச் என்ற அந்த அமைப்பில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஹவாய்ப் பெருந்தீவில் தொடங்கிய, இலாபநோக்கற்ற காட்டுத்தீ முகாமைத்துவ அமைப்பு ஒன்றும் இருக்கிறது. அரச வன ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆய்வை இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்கித் தீயணைப்பாளர் கையில் கொடுப்பதும், பண்ணைக்காரரையும் ஆய்வாளரையும் ஒரே எரிந்த நிலத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பேசவைப்பதும், களத்தில் எழும் கேள்வியை ஆய்வுகூடத்துக்குத் திருப்பி அனுப்புவதும் அதன் வேலைகள். இடையில் நின்று இரு பக்கத்து மொழியையும் பேசும் ஆள்தான் அங்கே முக்கியம்.

ஆனாலும் நமக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் கைவிடுகிற ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஆவணியில், சரியாகச் சொன்னால் ஓகஸ்ட் 8ஆம் திகதி, மாவி தீவின் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் மாண்டார்கள். 2,200க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அன்று காலையில் கடுங்காற்றில் அறுந்த மின்கம்பியால் காய்ந்த புல்லில் தீ பிடித்தது. தீயணைப்பாளர் வந்து மணிக்கணக்காக நின்று அதை அணைத்தார்கள். அணைந்துவிட்டது என்று கருதி அவர்கள் அகன்றபின், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த தணலைக் காற்று மறுபடி எழுப்பியது என்றும், நகரை எரித்தது அந்தப் பிற்பகல் தீயே என்றும் 2024இல் வெளியான விசாரணை முடிவு கூறுகிறது.

நாமும் கொழுந்து அடங்கியதும் வீடு திரும்புகிறவர்கள். கொழுந்து போன பிறகும் பாலை மரத்தின் பழைய அடிக்கட்டைக்குள் நெருப்பு இரண்டு மூன்று நாள் உறங்கும். சென்ற ஆண்டு ஓர் எரிந்த காட்டு விளிம்பில் நடந்தபோது, முற்றாகச் சாம்பல் பூத்துக் குளிர்ந்துவிட்டது போலத் தெரிந்த ஒரு கட்டையின் அருகில் கையை நீட்டினேன். மேலே எதுவும் தெரியவில்லை. கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த வெடிப்பினருகே புறங்கையைக் கொண்டுபோனபோது உலைவாயின் அனல் அடித்தது. உலகெங்கும் பயிற்சி பெற்ற தீயணைப்பாளர் எரிந்த நிலத்தின் ஓரமாக இப்படித்தான் புறங்கையால் அனல் பார்த்துப் பார்த்து நகர்கிறார்கள்; சூடு தெரிந்த இடத்தைக் கிளறி, தண்ணீரோ ஈரமண்ணோ இட்டு, மறுபடியும் பார்க்கிறார்கள். மண்வெட்டியும் ஒரு வாளி நீரும் பொறுமையும் போதும். இதைக் குழையடிக்குப் பிந்திய வேலையாக நம் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டால் உங்கள் முன்னோர் அறிவு ஒன்றும் குறைந்துபோகாது.

வட அவுஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் கோடையின் தொடக்கத்திலேயே சிறு தீ வைத்துப் பெருந்தீயைத் தடுக்கிறார்கள் என்று வாசித்தேன். வன்னியிலும் அப்படி வைகாசியில் எரித்துவிடலாமே?
– ஓர் இளைஞர், நெடுங்கேணி

வேண்டாம், தம்பி. நீங்கள் வாசித்தது உண்மை. ஆர்ன்ஹெம் லாண்டிலும் அதற்கு மேற்கே உள்ள டிவி தீவுகளிலும் ஈரம் முற்றாக வற்றுமுன் வெப்பம் குறைந்த சிறு தீயைத் துண்டு துண்டாக வைக்கிறார்கள். கோடை முற்றிய பிறகு வரும் பெருந்தீ அதனால் குறைகிறது. ஆனால் அது யூக்கலிப்டசும் புல்லும் கலந்த, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தீயோடு வாழ்ந்து பழகிய வெளி. வன்னியின் காடு வேறு. பாலையும் வீரையும் முதிரையும் விண்ணாங்கும் சேர்ந்த நம் வறண்ட பசுமைக் காட்டில் இயற்கையாகத் தீ மூளுவது மிக அரிது. மனிதக் கை படாமல் அது எரிவதில்லை என்றே சொல்லலாம். அதற்குள் நாமே நெருப்பை அழைத்துப்போனால் கினிப்புல்லுக்கு வாசல் திறந்துவிட்டவர்களாவோம். அத்துடன் ஒதுக்கப்பட்ட காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

அறிவுப் பகிர்வில் நான் மிகவும் அஞ்சுவது இத்தகைய நேர்ப்பிரதியைத்தான். ஸ்பெயினுக்குரிய கனேரித் தீவுகளில் 2023இல் டெனெரிஃபே தீவின் பைன் காடு பெரிதாக எரிந்தது. கனேரித் தீவுகளுக்கே உரிய பைன் மரம் கருகிய தண்டிலிருந்தே மீண்டும் தளிர்க்க வல்லது. அங்கிருந்து வரும் ஒருவர் ‘எரிந்தாலும் மீளும்’ என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தம் மரத்தைப் பற்றிச் சொல்கிறார்.

எடுத்துக்கொள்ளக்கூடியது இது: ஹவாயில் வீதியோரப் புல்லையும் ஊரோரப் புல்லையும் மாடு, ஆடு கொண்டு மேய்த்துக் குறைக்கும் வழக்கம் வலுப்பெற்று வருகிறது. அங்கு நூற்றுக்கு 98 வீதத்துக்கு மேற்பட்ட தீ மனிதரால் மூளுகிறது. அதிலும் பெரும்பகுதி வீதிகளையும் குடியிருப்புகளையும் ஒட்டியே மூளுகிறது. ஆகவே புல்லைக் குறைக்க வேண்டிய இடம் காட்டின் நடுவல்ல, ஓரம். நம் பட்டிகளுக்கு மேய்ச்சல் தரவை போதவில்லை என்ற முறைப்பாடு ஆண்டுதோறும் கேட்கிறது. பூக்குமுன் அறுத்த கினிப்புல் நல்ல தீவனம். முற்றிவிட்டால் மாடு முகர்ந்துவிட்டு விலகும். ஏ9 வீதியோரத்தில் பட்டியை விடுவது ஆபத்து என்பதால், மாசி பங்குனியில் அறுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதே பொருத்தம். வீதிக்குப் பொறுப்பானவர்களும் கால்நடை வளர்ப்போர் சங்கமும் ஒரு மேசையில் அமர்ந்தால் இது இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை.

மடுத் திருவிழாவுக்கு வருவோர் காட்டோரம் தங்கிச் சமைப்பது பற்றி ஏதேனும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், மன்னார்

ஆவணித் திருவிழா விழுவது ஆண்டின் மிக வறண்ட நாட்களில். அடுப்பு மூட்டுமுன் சுற்றிவர ஒரு பாகம் தூரத்துக்குச் சருகைக் கூட்டி மண் தெரியச் செய்யுங்கள். கிளம்பும்போது தண்ணீரை ஊற்றி, சாம்பலைத் தடியால் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையால் அனல் பாருங்கள். காற்று உரத்து வீசும் பிற்பகலில் திறந்தவெளி அடுப்பைத் தவிர்ப்பது நல்லது.

தீ எரியும் இடத்தைச் செய்மதி காட்டுகிறது என்கிறார்கள். அதைக் கிராம மட்டத்தில் பயன்படுத்த முடியுமா?
– ஒரு பல்கலைக்கழக மாணவி, வவுனியா

முடியும்; அதன் எல்லையையும் அறிந்து பயன்படுத்த வேண்டும். நாசாவின் ஃபேர்ம்ஸ் (FIRMS) என்னும் சேவை, செய்மதிகள் கண்ட வெப்பப் புள்ளிகளைச் சில மணி நேரத்துக்குள் வரைபடத்தில் காட்டுகிறது. எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறித்த பிரதேசத்துக்கு மின்னஞ்சல் அறிவிப்பும் பெறலாம். அதில் உள்ள நுண்மையான உணரி ஒன்று 375 மீற்றர் அளவிலான கட்டங்களாக நிலத்தைப் பார்க்கிறது. ஆனால் செய்மதி தலைக்கு மேலே போகும் வேளையில் எரிவதைத்தான் அது காணும். பிற்பகல் நான்கு மணிக்கு மூண்டு ஆறு மணிக்கு அடங்கிய தீ அதன் கண்ணில் படாமலே போகலாம். அடர்ந்த மரக்கவிகைக்குக் கீழே ஊர்ந்து எரியும் சருகுத்தீயும் தப்பிவிடும். வயலில் வைக்கோல் எரித்தாலும் அதே சிவப்புப் புள்ளிதான் விழும்.

ஆகவே புள்ளியை வாசிக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். ‘இது அறுவடை முடிந்த வயல், அது தேக்கந்தோட்டம், அதோ அது தேன் எடுக்கப் போனவர்கள் பந்தத்தைப் போட்டுவிட்டு வந்த இடம்’ என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் அங்கேயே வாழ்பவர். உங்கள் வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து, கடந்த பத்து ஆண்டுகளின் புள்ளிகளை எடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினால், எந்த மாதத்தில், எந்த வீதியோரத்தில், எந்தக் காரணத்தால் தீ மூளுகிறது என்ற வரைபடம் கிடைக்கும். ஹவாயில் பழைய தீக்களின் வரைபடத்தைத் தொகுத்த பிறகுதான் எங்கே புல் குறைப்பது என்ற பேச்சே பயனுள்ளதாயிற்று.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். பசுபிக் கடல்நீர் வழமையைவிடச் சூடாகும் ஆண்டை எல் நினோ ஆண்டு என்பார்கள். ஹவாயில் அந்த ஆண்டின் கோடை மழையில் புல் செழிக்கும். பின்வரும் மழைக்காலம் பொய்த்து அதே புல் காயும். இலங்கையில் எல் நினோ ஆண்டுகளில் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழை கூடுவது பொதுப்போக்கு. அந்த மழையில் எழும் புல் அடுத்த ஆடியில் எவ்வளவு எரிபொருளாகிறது என்பது உங்களைப் போன்ற ஒருவர் அளந்து பார்க்க வேண்டிய கேள்வி. விடை கிடைத்தால் அது பசுபிக் தீவினருக்கும் பயன்படும்.

எங்கள் ஊருக்குப் பின்னால் உள்ள காட்டில் நெருப்புப் பிடித்தால் இடையிடையே வெடிச்சத்தம் கேட்கிறது. நூர்க்கப் போகவும் முடியாது, எரிய விடவும் மனமில்லை. இந்த நிலை வேறு எங்கேனும் உண்டா?
– ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

உண்டு, அம்மா. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கஹோலாவேயில் அமெரிக்கக் கடற்படை 1990 வரை பல பத்தாண்டுகள் குண்டுவீச்சுப் பயிற்சி நடத்தியது. அதன்பின் துப்புரவு செய்தும் வெடிபொருட்கள் முற்றாக நீங்கவில்லை. 2020 மாசியில் அங்கே தீ மூண்டபோது தீயணைப்பாளர் தரையிறங்கி அணைக்க முடியவில்லை. தீவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. அங்கே தன்னார்வலர் பல ஆண்டுகள் பாடுபட்டு நட்ட கன்றுகளை நினைக்கும்போது, உங்கள் கடிதத்தில் இருந்த தவிப்பே எனக்கு நினைவுக்கு வந்தது.

உறுதியாகச் சொல்கிறேன்: வெடிபொருள் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் காட்டுக்குள் எவரும் போக வேண்டாம். பிள்ளைகளைச் சத்தம் கேட்கும் திசைக்கு விடாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். தீயை எதிர்கொள்ள வேண்டிய இடம், துப்புரவாக்கப்பட்டது என்று உறுதியான வீதி அல்லது வாய்க்கால் கரைதான். வைகாசிக்கு முன் அந்த வீதியின் ஊர்ப்பக்க ஓரத்தைப் புல்லற்றதாக வைத்தால் தீ அங்கே வந்து நிற்பதற்கு வாய்ப்புண்டு.

எரிந்த பின் எந்தப் பகுதியில் எத்தனை வெடிச்சத்தம் கேட்டது என்பதை எழுதிவைத்து, கண்ணிவெடி அகற்றுவோரிடம் கொடுங்கள். போர் முடிந்த நிலத்தில் தீயோடு வாழ்வது எப்படி என்பதை வன்னியின் தாய்மார் அறிந்த அளவுக்கு அறிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. கூட்டு என்று நான் எழுதியபோது, நாம் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில் மட்டும் இருப்போம் என்று நினைக்கவில்லை.

எல்லாம் சரி. யார் தொடங்குவது? அரசுகள் உடன்படிக்கை செய்யட்டும் என்று காத்திருப்பதா?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், மாங்குளம்

காத்திருக்க வேண்டாம் என்பதற்கு அயலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தோனேசியத் தீவுகளில் எரியும், பாதி மக்கிய இலைதழை சேர்ந்த கரிச்சேற்று நிலங்களின் புகை அண்டை நாடுகளை மூடியதால், தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 2002இல் எல்லை கடந்த புகை குறித்து உடன்படிக்கை செய்தன. 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. தீ எரியும் நாடான இந்தோனேசியா அதை ஏற்புறுதி செய்தது 2014இல். அடுத்த ஆண்டே அங்கு மிகப் பெரிய தீ மூண்டது. உடன்படிக்கை தேவைதான், ஆனால் அது கையொப்பமாகி வரும் வரைக்கும் புல் காத்திருப்பதில்லை.

ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வனவளத் திணைக்களத்தின் களப் பணியாளர், கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், தேன் எடுப்போர், பட்டிக்காரர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிவார்கள். தீயைப் பற்றிப் பேச ஓரிடத்தில் கூடியதில்லை. காட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் காணி கேட்கும் மக்களுக்கும் இடையே மனக்கசப்பு உண்டு என்பதையும் அறிவேன். ஆகையால் முதற்கூட்டத்தில் எல்லைக்கல் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்து, எரிந்த ஓரிடத்துக்கு அனைவரும் நடந்துபோய், தீ எங்கே தொடங்கி எங்கே நின்றது என்று மட்டும் பார்த்தால் போதும்.

மொழியும் ஒரு தடை. பசுபிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. புல், மேய்ச்சல், தணல் தேடல் ஆகிய மூன்றையும் பற்றிய குறிப்புகளையாவது தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். அநுராதபுரத்துக் கமக்காரரும் நம்மைப் போலவே குளத்துக்கு மேலே காடு வைத்திருப்பவர். நம் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் எழுதி அங்கே அனுப்ப வேண்டும்.

ஐயா, உங்களைப் போன்று முப்பது ஆண்டுகள் ஊர்ப் பதிவேடு எழுதியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நினைவில் உள்ள தீக்களை, ஆண்டு, மாதம், இடம், காற்றின் திசை, மூண்ட காரணம், நின்ற இடம் என்ற வரிசையில் எழுதி இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். ஆட்பெயர் வேண்டாம், எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. வருவனவற்றை வைகாசி இதழில், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னதாக, அட்டவணையாக வெளியிடுவேன். வவுனியா மாணவியின் வரைபடத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.